நாய்க்காரர் சிரிச்ச நாள்

அங்க வேணாம் தம்பி, அந்த பெஞ்சுக்குக் கால் ஆடும். இப்படி என் ஜன்னலுக்குக் கிட்ட வந்து ஒக்காரு. இன்னும் கிட்ட. கப்பல் சத்தம் வந்துட்டா நான் பேசறது எனக்கே கேக்காது. பையா? குடுக்கறேன்பா, ஒன் பைய வச்சு நான் என்ன பண்ணப் போறேன். கப்பலே இன்னும் வரல, அதுக்குள்ள பையத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னா அது என்ன ஓடியா வந்துடும்? டோக்கன் ஒன் கையிலதானே இருக்கு. இந்த லக்கேஜ் ரூம்ல முப்பது வருஷமா ஒக்காந்திருக்கேன், இதுவரைக்கும் ஒருத்தர் பையும் தொலஞ்சதில்ல.

ம், எங்க விட்டேன்? நாய்க்காரரு. ஆமா, சுங்கத்துல நாய் வச்சிருந்தாரே, அவருதான். அந்த நாய் வந்ததே ஒரு கூத்து. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற நாட்டுக்கும் நமக்கும் ஒப்பந்தம் ஆச்சாம். போதைச் சரக்கு அங்கேருந்து இங்க வருது, இங்கேருந்து இன்னொரு நாட்டுக்குப் போகுது, ஆளாளுக்குத் தனியா தொரத்தினா ஆகாது, சேந்து புடிப்போம்னு பெரியவங்கள்லாம் கையெழுத்துப் போட்டு, கை குலுக்கி, போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அவ்வளவும் நடந்து கடைசில நம்ம தொறைக்கு வந்து எறங்கினது ஒரு நாய். சிரிக்காத, நெசமாத்தான். கூடவே பழக்கிக் குடுக்க அந்த நாட்டுலேருந்து ஒரு நரைமுடி அம்மா, அந்தம்மா பேசறத மாத்திச் சொல்ல ஒரு ஆளு.

தனிக் கூண்டு, தனி மெத்தை, வெயில் பட்டா ஆகாது, நேரம் தவறினா சாப்பிடாது. மூட்டை தூக்கற ஒருத்தரு பாத்துட்டு, வழி விடுங்கப்பா, வெளிநாட்டு மாப்ள வர்றாருன்னாரு. அதே பேராப் போச்சு. மாப்ள.

மாப்ளைக்கு நம்ம பாஷை தெரியாது. ஒக்காரு, தேடு, விடு, எல்லாம் அவங்க பாஷைலதான். மொத்தமா இருவது வார்த்தை. நாய்க்காரரு சின்ன நோட்டுல எழுதி வச்சுப் பரீட்சைக்குப் படிக்கற மாதிரி படிச்சாரு. அந்த இருவத விட்டு வேற ஒரு வார்த்தைகூட நாய்கிட்டப் பேசக் கூடாதுன்னு உத்தரவு. கொழம்பிடுமாம். வீட்டுலயும்தான்!

நெனச்சுப் பாரு. சம்சாரம் போய் ரெண்டு வருஷம். ஒரே பையன், அவனும் ஓட்டல் வேலைன்னு அக்கரைக்குப் போயிட்டான். வீட்டுல இவரும் நாயும். முழங்கால் வலிக்குதுன்னு சொல்ல அந்த இருவதுல வார்த்தை இல்ல. பையன் போன் பண்ணி நாலு நாளாச்சுன்னு சொல்லவும் இல்ல. தேடு, விடு, தேடு, விடு. அதான் வேலை முடிஞ்சா நாயக் கூண்டுல விட்டுட்டு இந்த ஜன்னல்ல வந்து நிப்பாரு. நான் பேசுவேன், அவரு ம் கொட்டுவாரு. எனக்கு மட்டும் யாரு இருக்கா? பை குடுக்கறவங்க பையத்தான் பாக்கறாங்க, என் மூஞ்சிய யாரு பாக்கறா.

இருவதுல பத்தொம்பது வந்துடுச்சு. ஒண்ணுதான் படுத்துச்சு. நாய் சரக்கக் கண்டுபுடிச்சா கொரைக்காது, பொறாண்டாது, பை முன்னால சும்மா ஒக்காந்துடும். ஒக்காந்த ஒடனே பாராட்டணும். வார்த்தை மட்டும் போதாது, தொண்டைல சந்தோஷம் இருக்கணும்னு அந்தம்மா சொல்லும். கொரலு கொஞ்சம் எறங்கினாலும், நாம ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு நாய் நெனச்சுக்குமாம், அடுத்த தடவை ஒக்காராதாம். இவரு பாராட்டினா துக்கம் விசாரிக்கற மாதிரி இருக்கும்! அந்தம்மா தலைல அடிச்சுக்கும். இங்கதான், இந்த ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு, யாரோ வச்சிட்டுப் போன சூட்கேஸைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சுப் பழகினாரு. பாத்தவங்க மனுஷனுக்குக் கழண்டுடுச்சுன்னாங்க. எனக்கே பொறுக்காம நான்தான் சொன்னேன், அண்ணே, ஒங்க புள்ளைய மொதமொதல்ல கையில வாங்கினப்ப எப்படிச் சிரிச்சீங்க, அப்படிச் சிரிங்கன்னு.

வந்துச்சு பாரு ஒரு சிரிப்பு! மாப்ளைக்கு வாலு நிக்கல.

அப்படியே ரெண்டு வருஷம் ஓடிச்சு. ஒரு நாள் காலைல அக்கரை ஆபீஸ்லேருந்து தகவல் வந்துச்சு. இந்தக் கப்பல்ல சரக்கு வருது, யாரு கையிலன்னு தெரியாது, பாத்துக்கோங்கன்னு. ரெண்டு நாட்டு அதிகாரிங்களும் அந்தக் கடைசிக் கதவாண்ட நின்னாங்க. பயணிங்கள்லாம் பையத் தரைல வரிசையா வச்சிட்டு, அதோ அந்த மஞ்சக் கோட்டுக்குப் பின்னால. மாப்ள ஒவ்வொண்ணா மோந்துக்கிட்டே வந்துச்சு. பாதி வரிசை தாண்டி ஒரு சாம்பக் கலர் பை. ஒக்காந்துடுச்சு.

நாய்க்காரரு பையப் பாத்தாரு. ஒரு பக்கம் பிடி அறுந்து நீலக் கயித்தால தச்சிருந்துச்சு. அந்தத் தையல் அவரு கையால போட்டது தம்பி. மெதுவா நிமிந்து மஞ்சக் கோட்டுப் பக்கம் பாத்தாரு.

நாயோட கழுத்து வாரப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தா போதும். நாய் எந்திரிச்சு அடுத்த பைக்குப் போயிருக்கும். அவ்ளோ தூரத்துல நிக்கறவங்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சிருக்கும், அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் வாயத் தொறந்திருப்பேனா?

அவரு சிரிச்சாரு. கூரை அதிர்ற மாதிரி சிரிச்சு, அந்தப் பாராட்டைச் சொன்னாரு.

எந்திரிக்காத. ஒக்காரு. ஆமா, நீ சொல்றது சரி, அந்தச் சிரிப்ப அத்தனை பேரும் கேட்டாங்க. அங்க புள்ளை கையில வெலங்கு மாட்டறாங்க, அப்பன் நாயக் கொஞ்சிச் சிரிக்கறானே, இவன்லாம் மனுஷனான்னு மூட்டை தூக்கறவங்க ஒரு வாரம் அவருகூடப் பேசல. ரெண்டு நாடும் சேந்து கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரம் ஒண்ணு குடுத்துச்சு. அத வீட்டுக்குக் கொண்டு போகல. என்கிட்ட வச்சு டோக்கன் வாங்கிட்டுப் போனாரு. ஏழு வருஷமாச்சு, அந்த மேல் தட்டுல சாக்கு சுத்திக் கெடக்கு. ஜெயிலுக்குப் பதினோரு தடவை போனாரு. பாக்க மாட்டேன்னு பதினோரு தடவையும் நீ சொல்லி அனுப்பிட்ட.

என்ன அப்படிப் பாக்கற? டோக்கன் வாங்கக் கைய நீட்டினப்பவே கண்டுக்கிட்டேன். அதே வெரலு, கட்ட வெரல் மட்டும் வெளிய வளைஞ்சு. இல்லாட்டி பையக் குடுக்காம நான் எதுக்கு இவ்வளவு நேரம் தொண்டை வத்தப் பேசறேன்?

தெரிஞ்சு தூக்கிட்டு வந்தியோ, தெரியாமத் தூக்கிட்டு வந்தியோ, அத நான் கேக்கல. அதுக்கு நீ ஏழு வருஷம் குடுத்துட்ட. இந்தா பை, புடி. கப்பலுக்கு அந்தக் கதவு. அவரு வீட்டுக்கு இந்தப் பின்பக்கக் கதவு, சுங்கக் குடியிருப்புல மூணாவது வீடு. பகல்ல தாப்பாள் போட மாட்டாரு. இப்ப தனி ஆளு. மாப்ள செத்து மூணு வருஷமாகுது.

ஒண்ண மட்டும் கேட்டுட்டுப் போ. அப்ப ஒன்ன முதுகத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, நீ பாக்கல. அதிகாரிங்க பையச் சுத்தி நின்னாங்க, அவங்களும் பாக்கல. பாராட்டின கையோட ஒரு ரப்பர் பந்து வீசணும், அதான் நாய்க்குக் கூலி. அந்தப் பந்துக்கு மாப்ள உசுர விடும், ஆளுங்களத் தள்ளி விட்டுட்டு ஓடும். அன்னிக்கும் வீசினாரு. பந்து உருண்டு உருண்டு போய் இந்தச் சுவத்துல முட்டி நின்னுச்சு. ஊரே நம்பின சிரிப்ப அது நம்பல தம்பி. பந்துப் பக்கம் திரும்பவே இல்ல. அண்ணாந்து அவரு மூஞ்சியப் பாத்துச்சு, பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் கிட்ட வந்து, அவரு முழங்காலோட தலையச் சாச்சுக்கிட்டு நின்னுடுச்சு.