ஆறும் ஆறும் இருபத்தினாலு

இன்சாஃப் டீச்சர்: வாங்க ஷுக்ரி உஸ்தா. உங்க பொண்ணோட கணக்குப் பரீட்சைப் பேப்பர்... இதப் பாருங்க.

ஷுக்ரி: ஒருத்தருக்குப் பாதி தாடிதான் வழிச்சிருக்கேன். அப்படியே விட்டுட்டு ஓடி வர்றேன். என்ன டீச்சரம்மா?

டீச்சர்: ஆறும் ஆறும் எவ்வளவு?

ஷுக்ரி: எனக்கா பரீட்சை? பன்னெண்டு.

டீச்சர்: ரீஹாம் இருபத்தினாலுன்னு எழுதியிருக்கா.

ஷுக்ரி: ...ஐயோ.

டீச்சர்: ஆறும் அஞ்சும்னு கேட்டா, "வழி திறந்திருக்கா, அடைச்சிருக்கா டீச்சர்?"ங்கறா! வகுப்பே சிரிச்சுது.

ஷுக்ரி: சின்னப் புள்ள...

டீச்சர்: இதே வகுப்புல இன்னொரு வருஷம் போடணும்னு பேச்சு. ஸ்கூல் விட்டதும் எங்க போறா?

ஷுக்ரி: நம்ம சலூனுக்குத்தான். ஓரமா உக்காந்து... வீட்டுப்பாடம்...

டீச்சர்: ம்?

ஷுக்ரி: ...கொஞ்சம் தாவ்லாப் பகடையாட்டமும். போர்ட் சயீத்ல தாவ்லா பலகை இல்லாத சலூன் ஏது டீச்சரம்மா?

டீச்சர்: அப்படி வாங்க வழிக்கு.

ஷுக்ரி: ரெண்டு பகடையிலயும் ஆறு விழுந்தா நாலு தடவ நகத்தலாம். அதான் இருபத்தினாலு. ஆறும் அஞ்சும் விழுந்தா பதினொண்ணு போலாம், ஆனா எதிராளி காய் ஜோடியா நின்னா வழி அடைப்பு... அவ தப்பா சொல்லல! இனிமே பலகையத் தொட விடமாட்டேன். அவள மட்டும் அதே வகுப்புல உக்கார வெச்சிடாதீங்க...

டீச்சர்: தொடக்கூடாதுன்னு யாரு சொன்னா? பகடைய மறந்துட்டு வெறும் கணக்காச் சொல்லுடின்னு தனியா கேட்டேன். கூட்டல், கழித்தல், நான் இன்னும் நடத்தாத பெருக்கல்... எல்லாம் சரியாச் சொன்னா, விரலே மடக்கல. மேல் வகுப்புக்குப் போறா.

ஷுக்ரி: அல்ஹம்துலில்லா! அப்புறம் ஏன் என்னை இப்படிப் பயமுறுத்தினீங்க?

டீச்சர்: தாவ்லா விஷயத்த அவ அன்னிக்கே சொல்லிட்டா. அப்பா வாயிலேருந்து வருதான்னு பாத்தேன்.

ஷுக்ரி: நல்லா பாத்தீங்க! இனிமே உங்க வீட்டுக்காரருக்கு முடிவெட்டு இலவசம்.

டீச்சர்: அவருக்கு வழுக்கை. ...என்ன, இன்னும் நிக்கறீங்க?

ஷுக்ரி: ஒரு சின்ன உதவி... அவளுக்கு வீட்டுப்பாடம் கொஞ்சம் கூடக் குடுங்களேன்.

டீச்சர்: இப்பதான் நல்லா படிக்கறான்னேன்!

ஷுக்ரி: அதில்ல... தினம் என்னைத் தோக்கடிக்கறா. "என்ன உஸ்தா, இன்னிக்கும் பொண்ணுகிட்ட உதையா?"ன்னு கடையே சிரிக்குது. வேற வேலைல அவ நேரம் போனாத்தான் என் மானம் தப்பும்.

டீச்சர்: அது முடியாது உஸ்தா.

ஷுக்ரி: ஏன்?

டீச்சர்: நேத்து இதே மேஜைல என்னையும் தோக்கடிச்சுட்டா. இன்னிக்குச் சாயங்காலம் திரும்ப ஆட வரச் சொல்லியிருக்கேன்... வீட்டுப்பாடம் எழுத அவளுக்கு எங்க நேரம்?