நாலு மணிக்குள்ள தூக்கணும்

அண்ணன்: ...கலப்பையை எப்ப இருந்து தூக்கலன்னு கேட்டா எனக்கே சரியா ஞாபகம் இல்ல தம்பி. செவ்வாய்க்கிழமை தூக்குச்சு. இல்ல... திங்கக்கிழமையோ? தூக்குச்சுன்னு நினைக்கிறேன், அவ்வளவுதான். அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

அண்ணி: கல்யாண நாளைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

மெக்கானிக்: விடுங்க அண்ணி. அண்ணே, இஞ்சினைப் போட்டு லிப்ட் லீவரை மேல இழுங்க.

அண்ணன்: இழுத்தாச்சு.

மெக்கானிக்: இன்னும்.

அண்ணன்: இதுக்கு மேல இழுத்தா கையோட வந்துரும்.

அண்ணி: டிராக்டர் கத்துற கத்துக்கு ஊரே எழுந்திரிச்சிரும். கலப்பை மட்டும் தரையில படுத்துக்கிட்டு இருக்கு. இவரைப் பாத்துத்தான் படுக்கப் பழகியிருக்கும்.

மெக்கானிக்: ஆஃப் பண்ணுங்க அண்ணே.

அண்ணி: மணி ரெண்டே கால். வண்டியை விலைக்குக் கேட்ட தொப்பிக்காரர் நாலு மணிக்கு வர்றார். கலப்பை தூக்குச்சுன்னா வண்டியை லாரியில ஏத்திக்கிட்டுப் போயிருவார். தூக்கலைன்னா...

அண்ணன்: வெறுங்கையோட போவார். பாவம்.

மெக்கானிக்: உழவா போறார்? தூக்குனா என்ன, தூக்காட்டி என்ன?

அண்ணன்: பழைய வண்டியா முப்பது சேத்து வச்சிருக்காராம். இந்த மாடல் மட்டும் இல்லையாம். ஒரு வண்டி போதுமாம், ஆனா எல்லாமே வேலை செய்யணுமாம். குறை இருந்தா தொட மாட்டாராம்.

அண்ணி: காலையில எங்கயோ இதே மாடல் இன்னொண்ணையும் பாக்கப் போறேன்னு சொன்னார்.

மெக்கானிக்: ஓ...

அண்ணி: என்ன ஓ?

மெக்கானிக்: ஒண்ணுமில்ல அண்ணி. நான் ஒரு விஷயம்...

அண்ணன்: முதல்ல வேலையைப் பாரு தம்பி. நேரம் போகுது. ஒரு டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கலாமா?

அண்ணி: சர்க்கரை தீந்துபோச்சு. கடைக்குப் போகணும்.

மெக்கானிக்: மெதுவாவே போயிட்டு வாங்க அண்ணி.

அண்ணி: ஏன், ரெண்டு பேருக்கும் ஒரு அவசரமும் இல்லையா?

அண்ணன்: உனக்கு இருக்கா?

அண்ணி: ...எனக்கு இல்லாம? ம், அந்த ஆயில் குச்சியை உருவிப் பாரு.

மெக்கானிக்: பாத்துட்டேன். காஞ்சு கிடக்கு. லிப்ட் டேங்க்ல ஒரு சொட்டு எண்ணெய் இல்ல.

அண்ணன்: அய்யய்யோ! ஒழுகியிருக்கும். பழைய சீலு.

மெக்கானிக்: எங்க ஒழுகுச்சு? தரை துடைச்ச தட்டு மாதிரி இருக்கே.

அண்ணன்: அவ தினம் பெருக்குறா.

மெக்கானிக்: பெருக்கினா எண்ணெய்க் கறை போகுமா அண்ணே? அத்தனை லிட்டரும் எங்க போச்சு?

அண்ணன்: ஆவியாயிருக்கும். வெயில் கொஞ்சமாவா அடிக்குது?

அண்ணி: ஆவியாத்தான் போயிருக்கு. போயி, அந்த மூட்டைக்குப் பின்னாடி ரெண்டு கேன்ல இறங்கியிருக்கு.

அண்ணன்: அது... அவசரத்துக்கு வாங்கி வச்ச புது எண்ணெய்.

மெக்கானிக்: கறுகறுன்னு இருக்கே அண்ணே.

அண்ணன்: இப்படிப் பாக்காதே. நான்தான் வடிச்சேன்.

அண்ணி: ஏன்?

அண்ணன்: நீ விக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னே. உன்கிட்ட முடியாதுன்னு சொல்ற தைரியம் எனக்கு எந்தக் காலத்துல இருந்துச்சு? அதான், வண்டியே சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

அண்ணி: நானா நின்னேன்? முட்டி போச்சு, முதுகு போச்சு, கிளச்சு மிதிக்க முடியலன்னு முனகினது யாரு?

அண்ணன்: முனகுறது வேற, விக்கிறது வேற. இந்த வண்டி போனா நான் எங்க போய்ப் படுப்பேன்?

அண்ணி: படுப்பீங்களா?

அண்ணன்: ...வண்டிக்கு அடியில. நிழலா இருக்கும். சத்தம் இருக்காது. யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. மல்லாந்து படுத்து யோசிக்கலாம்.

மெக்கானிக்: என்ன அண்ணே யோசிப்பீங்க?

அண்ணன்: அது தெரியாது. யோசிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள தூங்கிருவேன்.

அண்ணி: பதினாறு வருஷமா வேலை பாக்கறேன் வேலை பாக்கறேன்னு சொன்னதெல்லாம்...? டங்கு டங்குன்னு சத்தம் கேக்குமே!

அண்ணன்: முழிப்பு வரும்போதெல்லாம் ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டி வைப்பேன்.

அண்ணி: நான் குனிஞ்சு குனிஞ்சு டீ வேற வச்சேனே, பாவம் உழைக்கிறாரேன்னு!

அண்ணன்: அந்த டீ நல்லா இருக்கும்.

மெக்கானிக்: அண்ணி, அந்த ஸ்பேனரைக் கீழ வைங்க. எண்ணெயை ஊத்திருவோமா?

அண்ணி: ஊத்து, ஊத்து. ரெண்டு கேனையும் ஊத்து. தூக்குதான்னு பாப்போம்.

அண்ணன்: என்ன, பாதியிலேயே சமாதானமாயிட்டே? வழக்கமா ரெண்டு நாள் ஓடுமே.

அண்ணி: வாயை மூடிட்டு லீவரை இழுங்க.

அண்ணன்: இழுத்தாச்சு... தூக்கலையே.

மெக்கானிக்: பம்பு எண்ணெயை உறிஞ்சவே இல்ல. பக்கத்துத் தகட்டைக் கழட்டி, உள்ள இருக்கற சல்லடையைப் பாக்கணும்.

அண்ணி: அதெல்லாம் வேண்டாம். ஊத்தின எண்ணெயை மறுபடி வடிக்கணும். அதுவும் அந்த நாலாவது போல்ட்டு ரொம்ப இறுக்கம்.

மெக்கானிக்: எந்த நாலாவது போல்ட்டு?

அண்ணி: கீழ... வலது பக்கம்.

அண்ணன்: உனக்கு எப்படித் தெரியும்?

அண்ணி: பாத்தாலே தெரியுது. உன் கடைக்குப் பின்னாடி இதே மாடல் ஒண்ணு செடி மொளைச்சுக் கிடக்குமே தம்பி, அதுல இருந்து எதையாவது கழட்டிப் போடேன்.

மெக்கானிக்: அதுவா... அது எட்டு வருஷமா தூக்காத வண்டி அண்ணி. அதுல என்ன இருக்கு? நான் இதையே கழட்டறேன். பேசினைக் குடுங்க.

அண்ணன்: மெதுவா... எல்லாத்தையும் பேசின்ல பிடி, கொட்டிராதே. சல்லடை வந்துச்சா?

மெக்கானிக்: வந்துச்சு. கூடவே துணி ஒண்ணும் வருது. சுருட்டி அடைச்சிருக்கு. நீலப் பூப் போட்ட துணி.

அண்ணன்: என் தலையணை உறை! ஒரு வாரமா வெறும் தலையணையில படுக்கறேன். காத்துல பறந்துபோச்சுன்னு சொன்னியே! இவ்வளவு கரெக்டா பறந்து வந்திருக்கே.

அண்ணி: சரி, நான்தான் அடைச்சேன். இப்ப என்ன?

அண்ணன்: உனக்கும் விக்க வேண்டாமா?

அண்ணி: இந்த வண்டி போச்சுன்னா நீங்க எங்க இருப்பீங்க? என் அடுப்படியில! போன மழைக்கு வண்டி நாலு நாள் தம்பி கடையில நின்னுச்சே, அப்ப என்ன செஞ்சீங்க?

அண்ணன்: உதவி செஞ்சேன்.

அண்ணி: டப்பாவையெல்லாம் உயர வரிசையில அடுக்கி வச்சார் தம்பி! உப்பு எதுல இருக்குன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. வெங்காயத்தை ஏன் இந்தப் பக்கம் வெட்டறே, அந்தப் பக்கம் வெட்டுன்னு பக்கத்துலயே நின்னார். நாலு நாளைக்கே அப்படின்னா, ஆயுசு முழுக்க யோசிச்சுப் பாரு.

மெக்கானிக்: யோசிக்கவே முடியல அண்ணி.

அண்ணி: நான் தகட்டைக் கழட்டினப்ப மடியில பேசினோட உக்காந்திருந்தேன். எண்ணெய் கொட்டும் கொட்டும்னு பாக்கறேன், ஒரு சொட்டு வரல. பதினாறு வருஷமா இந்த மனுஷன் எண்ணெயே ஊத்தலைபோலன்னு நினைச்சுக்கிட்டேன்.

அண்ணன்: அதுக்கு முந்தின நாள்தான் வடிச்சேன். சொல்லியிருந்தா உனக்கு வேலை மிச்சம்.

அண்ணி: நீங்க சொல்லியிருந்தா உங்க தலையணை உறை மிச்சம்.

மெக்கானிக்: அப்புறம் என்ன! ரெண்டு பேருக்குமே விக்க வேண்டாம். எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு நான் கிளம்பறேன்.

அண்ணி: இரு இரு. விக்கலைன்னா நம்ம வண்டி நமக்குத் தூக்க வேண்டாமா? சல்லடையை மாட்டி எண்ணெயை ஊத்து. தொப்பிக்காரர் வந்தா, மனசு மாறிருச்சுன்னு நேரா சொல்லிருவோம்.

மெக்கானிக்: நாளைக்குப் பாக்கலாமே அண்ணி...

அண்ணன்: ஊத்து தம்பி. இப்பதான் எல்லாம் சரியாயிருச்சே. நானே இழுக்கறேன் பாரு... 

அண்ணி: என்ன ஆச்சு?

அண்ணன்: தூக்கல.

அண்ணி: வேற என்ன செஞ்சீங்க?

அண்ணன்: சத்தியமா எண்ணெய் மட்டும்தான். நீ வேற எதையாவது அடைச்சியா? என் சட்டை ஒண்ணையும் காணோம்.

அண்ணி: அது துவைக்கக் கிடக்கு! தம்பி, மேல இருக்கற மூடி எது, வால்வு மூடியா? பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்தானே?

மெக்கானிக்: அதைத் தொடாதீங்க அண்ணி. அது ரொம்ப நுணுக்கமான இடம். ஸ்பிரிங் தெறிச்சு கண்ணுல பட்டுரும்.

அண்ணி: எத்தனை தடவை நீ கழட்டறதைப் பாத்திருக்கேன். ...கையிலயே சுத்துதே. யாரோ சரியா முடுக்கலை.

மெக்கானிக்: அண்ணி...

அண்ணி: ஸ்பிரிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் விரல் முழுசா உள்ள போகுது. இங்க ஒரு வால்வு இருக்கணும்ல?

அண்ணன்: இருக்கணும். அது இல்லாம எப்படித் தூக்கும்?

அண்ணி: நமக்கு ரெண்டு பேருக்கும் இந்த மூடி பக்கமே வேலை கிடையாது. பத்து நாளைக்கு முன்னாடி ஒருத்தர் வந்து, சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்னு சொன்னாரே... 

அண்ணன்: என்ன தம்பி, இப்படி வேர்க்குது? நிழல்லதானே நிக்கறே?

அண்ணி: மணி நாலே கால் ஆச்சு. சொன்ன நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முந்தி வர்ற ஆளு அந்தத் தொப்பிக்காரர். இன்னும் காணோம்.

மெக்கானிக்: அவர் வர மாட்டாரு அண்ணி.

அண்ணன்: உனக்கு எப்படித் தெரியும்?

மெக்கானிக்: உங்ககிட்ட சொல்லச் சொல்லித்தான் என்னை அனுப்புனாரு. நானும் சொல்லத்தான் வந்தேன். வந்து நிக்கறதுக்குள்ள லிப்ட் தூக்கலன்னு இழுத்து விட்டுட்டீங்க.

அண்ணி: அவர் எதுக்கு உன்னை அனுப்பறாரு?

மெக்கானிக்: காலையில அவர் பாக்கப் போன இன்னொரு வண்டி... என்னுதுதான். செடியெல்லாம் வெட்டிட்டேன். உங்க வால்வைப் போட்டதும் கலப்பையைப் பூ மாதிரி தூக்குச்சு, அவர் தொப்பியைக் கழட்டிட்டுக் கை தட்டுனாரு, பதினோரு மணிக்கு லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. இனிமே அண்ணன் வழக்கம்போல அடியில படுத்துக்கலாம். அண்ணியோட டப்பாவெல்லாம் வச்ச இடத்துலயே இருக்கும். வேற வால்வு கிடைக்கிற வரைக்கும் நான் வாராவாரம் வந்து, தூக்கலன்னு பாத்துச் சொல்லிட்டுப் போறேன். இந்த வண்டியில இருந்து ஊரை விட்டுப் போனது அந்த வால்வு ஒண்ணுதான் அண்ணி.