பிரிஜாவின் கண்கள்

நல்ல வெயிலில் நடந்துவந்து வீட்டுக்குள் நுழைந்தால் உங்களுக்கும் சற்றுநேரம் கண் தெரியாது சார். அது நோயல்ல. பார்வைச் செல்களுக்குள் கால்சியம் அயனிகள் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் அவை குறையும். செல் தன் கூர்மையைத் தணித்துக்கொள்ளும். இருட்டில் அவை மறுபடி ஏறும், கூர்மையும் மெல்லத் திரும்பும். நர்சிங் கல்லூரியில் நான் எடுக்கும் பாடம் இது.

என் மனைவி பிரிஜாவுக்கு மஸ்கட்டில் ஆசிரியை வேலை கிடைத்தது. போகாதே என்றேன். கேட்கவில்லை. ஒருநாள் கருங்கல் சந்தையிலிருந்து உச்சிவெயிலில் வந்தவளை, ஜன்னல் அடைத்த பின்னறையிலிருந்து கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீய? எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

"எனக்கு எல்லாம் தெரியுதே," என்றேன். காலையிலிருந்தே அந்த இருட்டில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை.

அவள் அம்மைக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போயிருந்தது. அதனால் நான் அதிகம் பேசவேண்டி வரவில்லை. அதே நோய்தான் உனக்கும், வெளிச்சம்தான் கண்ணைத் தின்கிறது, இருட்டில் இருந்தால் பார்வை நிலைக்கும் என்றேன். டாக்டரிடம் போவோம் என்றாள். கண்ணுக்குள் டார்ச் அடிப்பார்கள் என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, அவள் அடைந்துகிடந்த பின்னறையின் கதவை நடுப்பகலில் திறந்தேன். இருட்டிலேயே கிடந்த கண் சார், கூர்மை உச்சத்தில் இருக்கும். முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"அடைச்சிருங்க, அடைச்சிருங்க!"

அடைத்தேன். அவள் கேட்டதைத்தான் செய்தேன். அவளுக்குச் சந்தேகம் வந்தபோதெல்லாம் மறுபடி திறந்து காட்டினேன். கதவிடுக்கில் தன் புடவையைக் கிழித்துத் திணித்தது அவளேதான். உள்ளே தாழ்ப்பாள் போட்டதும் அவள்தான்.

மழைக்காலம் முடிந்ததும் அவள் தம்பி சிஜின் வந்தான். "அக்கா, கதவைத் தெற," என்று தட்டினான்.

"தெறக்காத மக்கா, நான் குருடாயிருவேன்," என்று உள்ளே அழுதாள். அவன் கதவை உடைத்தான். அவள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஒரு குறையுமில்லை என்கிறார்கள். அது எனக்கு முதலிலேயே தெரியும். நோயே கிடையாது. அவளைப் போகவிடக் கூடாதென்று நான் சொன்ன பொய் அது. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லையாம். யார் கை பட்டாலும் நடுங்குகிறாளாம். "அவிய வந்து சொல்லட்டு, தெறக்கேன்" என்று என்னைத்தான் கேட்கிறாளாம்.

பாருங்கள் சார், எங்களுக்குள் எவ்வளவு நம்பிக்கை.