எதனால் ஒட்டியது?

— ஒரு இடத்துல உக்காருங்களேன். நீங்க நடக்கிற நடையில மைக்ரோஸ்கோப்பே ஆடுது.

— உக்கார முடியலையே! சர்ஜன் கிளம்பிட்டாராம். பார்த்துட்டியா? வலையில தோல் செல்லு ஒட்டியிருக்கா இல்லையா?

— ஒட்டியிருக்கு.

— நல்லாவா?

— நல்லாவே. கையைக் காலை நீட்டிப் படுத்த மாதிரி விரிஞ்சு கிடக்குதுங்க. கழுவியும் பார்த்தேன், அசையலை.

— அடேங்கப்பா! இத்தனை வருஷமா உருண்டை உருண்டையா மிதந்து மானத்தை வாங்கினதுங்க! இந்தா கேளு, சர்ஜன்கிட்ட இப்படி ஆரம்பிக்கிறேன். "டாக்டர், இந்தப் பாலிமர் வலையில தண்ணி விட்டா முத்து முத்தா உருண்டு ஓடிரும். தண்ணியே நிக்காத இடத்துல தோல் செல்லு எப்படி நிக்கும்? அதுக்குத்தான், வலையோட மேல்பக்கத்தைத் தண்ணி நிக்கிற மாதிரி மாத்துற எங்க பிளாஸ்மா மெஷின்..."

— மெஷினைப் பத்தி இன்னிக்குப் பேச வேண்டாமே.

— பின்ன எதைப் பேசுறது? நம்ம கல்யாணக் கதையையா?

— வலையைக் காட்டுவோம். செல்லைக் காட்டுவோம். போதும்.

— என்னடி இது? ஒவ்வொரு திருகா நான் முடுக்கின மெஷின். வீட்டு ஹால்ல அதைப் பரப்பி வெச்சப்ப, தாண்டித் தாண்டி நடந்தவ நீ.

— அதனாலதான் சொல்ல வாய் வரமாட்டேங்குது. கட்டின பாவத்துக்கு ஒரே லேப்ல வேலை பார்க்கவும் வேண்டியிருக்கு.

— மூஞ்சியே சரியில்லையே. என்ன ஒளிக்கிற?

— கோபப்படக் கூடாது.

— பட மாட்டேன். சொல்லித் தொலை.

— உங்ககிட்ட தர்றதுக்கு முன்னால வலையை வெறும் தண்ணியிலதானே அலசுவேன்? இந்தத் தடவை பிசுக்குப் போகட்டும்னு காஸ்டிக் சோடா கலந்த தண்ணியில ஊற வெச்சேன். எல்லாத்தையும்.

— சரி.

— அதுல ஒண்ணை மட்டும் உங்ககிட்ட தரலை. ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு, மெஷின்ல வைக்காமலே செல்லை விட்டேன்.

— அது உதிர்ந்திருக்குமே?

— உதிரலைங்க. மத்ததைப் போலவே பிடிச்சிருக்கு. சோடா வலையோட மேல்பக்கத்தை லேசா அரிச்சு, தண்ணி நிக்கிற மாதிரி ஆக்கியிருக்கு. மெஷின்... தேவையே இல்லையோ என்னவோ. எங்க போறீங்க? திட்டவாவது திட்டுங்க.

— நிஜமா அந்த ஒண்ணு மெஷின் பக்கமே போகலையா?

— சத்தியமா. தீக்காயத்தோட படுத்திருக்கிற பிள்ளைங்களுக்குத் தோல் வைக்கப் போற மனுஷர் வர்றாரு. அவர்கிட்ட பொய் சொல்ல முடியாது. உங்க முகத்தைப் பார்த்தா உண்மையும் சொல்ல முடியலை. நான் என்னதான் பண்றது? ...ஏங்க, எதுக்குச் சிரிக்கிறீங்க? எனக்குப் பயமாயிருக்கு.

— சர்ஜன்கிட்ட நீயே பேசு. நான் உன் பின்னால நிக்கிறேன்.

— ஏன்? மெஷின் உங்களோடதுதானே?

— அது போன மாசமே புகைஞ்சு போச்சுடி. உன்கிட்ட சொல்லத் தைரியமில்லாம, நீ குடுத்த வலையையெல்லாம் சும்மா உள்ள வெச்சு எடுத்துக் குடுத்தேன். ஒட்டியிருக்குன்னு நீ சொன்னதுலேருந்து, எப்படி ஒட்டிச்சுன்னு தெரியாம செத்துக்கிட்டிருந்தேன்.