அம்புறோஸின் வயிறு

இன்ஸ்பெக்டர் ஐயா, அந்த மாலுபணிஸை முதலில் சாப்பிட்டு முடியுங்கள். நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் பீயைப் பற்றியது. கேட்டுக்கொண்டே சாப்பிட்டால் பணிஸ் வீணாகிவிடும். தமிழில் எழுதிக்கொள்ளும் உங்களை அனுப்பியதற்கு நன்றி. என் சிங்களம் சந்தைக்குப் போதும், வாக்குமூலத்துக்குப் போதாது.

என் பெயர் ஷிராணி. வயது நாற்பத்தாறு. கடுகண்ணாவையில் பிறந்து, கண்டியில் படித்து, கண்டியிலேயே ஓர் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நுண்ணுயிரியலாளர் என்று அட்டையில் போட்டிருக்கும். வேலை என்னவென்றால், கோழிகளின் பீயையும் மனிதர்களின் பீயையும் வாங்கிவந்து, இரண்டிலும் இருக்கும் கிருமிகள் சொந்தக்காரர்களா என்று பார்ப்பது. கல்யாணத் தரகரைவிட எனக்குப் படிப்பு அதிகம், மரியாதை குறைவு.

பண்ணைக்காரர்கள் கோழிக்கு நோய் வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீரில் அன்டிபயோட்டிக் கலந்துவிடுகிறார்கள். கோழி வயிற்றில் இருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போகிறது. அது மனிதனுக்கு வந்து சேர்ந்தால், ஆஸ்பத்திரியில் போடும் ஊசி அதற்குச் சோடா குடித்த மாதிரி. மூன்று வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். கோழிகளிடம் கிருமி இருந்தது. ஆனால் தெல்தோட்டையிலிருந்து வத்தேகம வரை இருநூற்றுப் பத்துப் பேரின் பீயைக் கிண்டியும், அதே கிருமி ஒரு மனிதரிடம்கூட அகப்படவில்லை. மக்கள் இவ்வளவு சுத்தமாக இருந்தால் ஒரு விஞ்ஞானி எப்படிப் பிழைப்பது?

அம்புறோஸ் அண்ணன் வத்தேகமவில் நாலாயிரம் கோழி வளர்த்தவர். கோழிப்பண்ணைக்காரர் சங்கத்தின் தலைவர். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். கோயிலில் அவர் பைபிள் வாசகம் வாசித்தால் மைக் தேவையில்லை. போன ஆகஸ்டில் அதிகாரிகளுக்கு முன்னால் நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றார்.

“மிஸ், கோழிக் கிருமி கோழிக்குள்ளதானே இருக்கு? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. மனுசன் வயித்துல இருந்தாக் காட்டுங்க. இந்தா, முப்பது வருசமாக் கோழியோட பொரள்ற வயிறு.” வயிற்றைத் தட்டிக் காட்டினார். “இதுல காட்டுங்க, அடுத்த நாளே மருந்தெல்லாத்தையும் கழிவுத்தண்ணி ஓடுற கான்ல கொட்டுறேன்.”

மண்டபமே சிரித்தது. அமைச்சின் செயலாளர் சிரித்தார். தேத்தண்ணீர் கொண்டுவந்தவரும் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதால்தான் அவ்வளவு எரிந்தது.

ஆகவே அவருடைய வயிற்றைப் பார்த்தேன். முறைப்படி கையெழுத்து வாங்கித்தான். மனுசன் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, ரிப்பன் கட்டிக் கொடுத்தனுப்பினார். அவ்வளவு கொழுப்பு. வயிறு கன்னியர் மடம் மாதிரிச் சுத்தம். நவம்பரில் இன்னொரு தடவை பார்த்தேன், அப்போதும் ஒன்றுமில்லை. அடுத்த கூட்டம் பெப்ரவரியில் இருந்தது. அதற்கும் வெறுங்கையோடு போனால் என் ஆய்வையே மூடிவிடுவார்கள் என்று காதோடு காதாகச் சொல்லியிருந்தார்கள்.

என் டீப் பிரீசரில் அவருடைய கோழியிலிருந்து எடுத்த கிருமி இருந்தது. எலிகளில் சோதிப்பதற்காக அதற்கு முன்பே ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். காசநோய்க்குக் கொடுக்கும் மருந்து ஒன்றுக்கும் அது சாகாதபடி பழக்கியிருந்தேன். சலவைக்குப் போகும் உடுப்பில் நூலால் குறி போடுவார்களே, அந்த மாதிரி. கோடிக் கிருமிக்குள் கலந்தாலும் என்னுடையது எது என்று பிடித்துவிடலாம்.

கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டுக்குக் கரமல் புடிங் கொண்டுபோனேன். அவருக்கென்று ஒரு கிண்ணம் தனியாக. அதில் என்ன இருந்தது என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆனாலும் நீங்கள் எழுதவேண்டும் என்பதால் சொல்கிறேன்: அவருடைய கோழியின் கிருமி, என்னுடைய குறியோடு. அவருக்குக் கேஸ்ட்ரிக். தினமும் புளிப்பைக் குறைக்கும் குளிசை போடுவார். கிருமியைக் கொல்வது அந்தப் புளிப்புத்தான். அதனால் வயிற்று வாசலில் காவல்காரன் லீவில் இருந்தான்.

வழித்துச் சாப்பிட்டார். “மிஸ், கோழிப்பீ கிண்டுற கைக்கு இம்புட்டு ருசியா?” என்று வீடே அதிரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கண்டி முழுவதற்கும் அவர் கொடுத்துக்கொண்டிருந்ததில் ஒரு கரண்டியை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். நல்ல வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. வாடகை கொடுக்காமல் சும்மா குடியிருக்கும். அன்றைக்கு அதை நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

ஜனவரியில் அவரிடம் கிருமி அகப்பட்டது. ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டு, தட்டில் வளர்ந்திருந்ததைக் காட்டினேன். வாயாடி மனுசன் குனிந்து தட்டையே பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த நாளே மருந்து முழுவதையும் கானில் கொட்டினார். பெப்ரவரிக் கூட்டத்தில் அவரே எழுந்து, “மிஸ் சொன்னாக் கேளுங்கப்பா, என் வயித்துலயே பாத்துட்டாங்க” என்று மற்றவர்களிடம் சொன்னார். அவரைப் பார்த்து இன்னும் பதினொரு பண்ணைகள் மருந்தை நிறுத்தின. மூன்று வருடம் நான் படம் போட்டு நடக்காதது அவருடைய ஒரு சொல்லில் நடந்தது. அப்போதுதான் அவரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது. பொய்யில்லை, ஐயா, நிஜமாகவே பிடித்தது. என் கட்டுரையையும் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டது.

மார்ச் மாதம் அவருக்குச் சலம் பெய்ய முடியாமல் அடைத்துக்கொண்டது. அந்த வயதில் ஆண்களுக்கு வருவதுதான். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். வயிற்றில் சும்மா குடியிருந்தது அந்தக் குழாய் வழியாக ஏறி இரத்தத்துக்குள் போனது. நடுக்கத்தோடு காய்ச்சல். காலை பத்து மணிக்கு அவருடைய மனைவி டொரதி அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

“மிஸ், போட்ட ஊசி ஒண்ணும் புடிக்கலயாம். முந்தி இவரு வயித்துல பாத்தீங்களே, அந்த ரிப்போர்ட்ட டொக்டர் கேக்குறாரு. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும்னு அதுல இருக்குமாம். மனுசன் பெனாத்துறாரு, மிஸ்.”

எந்த மருந்து என்று எனக்குத் தெரியும். பழைய ஊசி. அந்த ஆஸ்பத்திரி வாட்டின் அலுமாரியிலேயே இருந்திருக்கும். ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் வாயால் சொன்னால் டொக்டர் எழுத்தில் கேட்பார். ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது: காசநோய் மருந்துக்கும் சாகாது. அதுதான் நான் போட்ட குறி. கட்டுரையில் அந்த வரியை நைசாக விட்டிருந்தேன். ஆய்வுகூடக் கணினியில் பதிந்ததை யாராலும் அழிக்க முடியாது. விவரம் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

“டொரதி அக்கா, அது ஆராய்ச்சி ரிப்போர்ட். நெறிமுறைக் குழு அனுமதிக்காம வெளிய குடுக்க ஏலாது. இப்பவே கடிதம் போடுறேன். மூணு நாள் போகும்.”

“மூணு நாளா? அவரு வயிறுதானே, மிஸ்?”

“சட்டம் அப்படி, அக்கா.”

“சரி மிஸ். நீங்க சொன்னாச் சரி. உங்களத்தான் நம்பியிருக்கோம்.”

போனை வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்துக் கடிதத்தை டைப் செய்தேன். இரண்டாம் நாளும் அக்கா போன் எடுத்தார். கடிதம் குழுத் தலைவரின் மேசையில் இருக்கிறது என்றேன், அது உண்மை. மூன்றாம் நாள் காலையில் அம்புறோஸ் அண்ணன் இறந்துபோனார். பிற்பகலில் அனுமதி வந்தது. அந்தக் குழு அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து நான் கண்டதில்லை.

என் உதவி ஆய்வாளர் ஜஹானா, அக்குறணைப் பிள்ளை. ஆள் இறந்தது அவளுக்குத் தெரியாது. அனுமதி வந்ததும் ரிப்போர்ட்டைப் பிரதி எடுக்கப் போனவள், தாளோடு திரும்பி வந்தாள்.

“மெடம், கோழிக்கு யாரு காசநோய் மருந்து கொடுக்கிற? அவர்ட கோழி ஒண்டுலயும் இந்தக் குறி இல்லயே. எங்கட பிரீசர்ல மட்டுந்தானே ஈக்கி?”

தாளை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. குறியில்லாத கிருமியைக் கொடுத்திருந்தால் சந்தேகப்பட ஒருவருக்கும் வழியிருந்திருக்காது. ஆனால் வெளியே வந்தது நான் உள்ளே போட்டதுதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவேண்டியிருந்தது. வேலையை ஒழுங்காகச் செய்ததால் அகப்பட்டேன்.

ஆகவே எழுதுங்கள். அம்புறோஸுக்குக் கிருமியைக் கொடுத்தது நான். மருந்தின் பெயர் தெரிந்தும் சொல்லாமல் அவரைச் சாகவிட்டதும் நான். பன்னிரண்டு பண்ணைகளில் இன்று மருந்து கலப்பதில்லை என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள். அதுவும் நடந்ததுதானே.

இன்னொன்று இருக்கிறது. அடக்கம் முடிந்து எட்டாம் நாள் டொரதி அக்காவிடம் ஒரு டப்பாவைக் கொடுத்தேன். “அவருக்காகவா, மிஸ்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் தன்னுடைய பீயைப் போட்டுத் தந்தார். சோதித்துப் பார்த்தேன்: அதே கிருமி, அதே குறி. அக்காவுக்குச் சீனி வருத்தம், கிறிஸ்மஸ் அன்றைக்குப் புடிங்கை வாயில் வைக்கவேயில்லை. கட்டிலில் கிடந்தவரைக் கழுவித் துடைத்ததில் வந்திருக்கவேண்டும். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள், ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்கு, தானாகவே போயிருக்கிறது. மூன்று வருடமாக எல்லோரும் என்னிடம் கேட்ட சாட்சி இதுதான், ஐயா. இதை மட்டும் தனித் தாளில் எழுதுங்கள், இதில் என் கை படவேயில்லை.