வெல்லத்துக்கு ஒரு போட்டோ

— நாய்க்கு எதுக்குண்ணே பவுடரு?

— நாய்க்கு இல்ல அல்லி, அது மூக்குக்கு. பாரு, எப்புடி ஈரமா மின்னுதுன்னு. அப்புடியே எடுத்தா படத்துல மூக்கு இருக்காது, வெள்ளையா ஒரு பொட்டுதான் இருக்கும்.

— ஏங்க, காலையில நான் கேட்டப்ப பவுடர் தீந்துபோச்சுன்னீங்க?

— மேரி, தொழில் நேரத்துல வம்புக்கு வராத.

— கேட்டுக்க அல்லி. காரைக்கால்ல ஸ்டுடியோ வச்சிருக்கற பிலோமின்ராஜ் பொண்டாட்டிக்கு மூக்கு மின்னுனா பரவாயில்ல. நாய்க்கு மின்னப்படாது. மாதாவே, என்ன எந்த வூட்டுல கொண்டாந்து குடுத்த!

— அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. எங்க வெல்லத்துக்கு இன்னைக்குத்தான் நல்ல காலம் பொறந்திருக்கு. டேய், ஒக்காரு. ஒக்காருடா. பாருங்க, நில்லுன்னா நிக்கும், படுன்னா படுக்கும், ஒக்காருறது மட்டும் வராது.

— ஐயோ, பவுடர நக்கிடுச்சே!

— நக்காம என்னா செய்யும்? அது பேரே வெல்லம். வூட்டுக்கு வந்த அன்னைக்கே பொங்கலுக்கு வச்சிருந்த வெல்லக்கட்டிய உருட்டிக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. இதுவரைக்கும் திருட்டு முழி போகல பாருங்க.

— அந்த முழிதான் வேணும் எனக்கு. நாயின்னு மொத்தமா சொல்லிடுறோம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுபாவம் இருக்கு அல்லி. அந்தச் செவத்துல மாட்டியிருக்கற படங்களப் பாரு. மெடல் மாட்டிக்கிட்டு நிக்குதே, அது மரியமுத்து ஐயா வளக்கறது. ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவருல்ல? பிரான்சு தேசத் திருநாளு, பதினாலு ஜூலைக்குக் கொடியேத்துறப்ப கூடவே போவும். பாட்டு முடியிற வரைக்கும் ஒரு ஈயக் கூட வெரட்டாது. முடிஞ்சதும் ஐயா சட்டப் பையிலேர்ந்து பிஸ்கோத்த உருவிக்கிட்டு ஒரே ஓட்டம்.

— பக்கத்துல முதுகு மட்டும் தெரியுதே, அது?

— வக்கீல் சோமசேகரன் வூட்டு ரோசி. ரோஷக்காரி. வக்கீலு, கேமராவப் பாருடின்னு கோர்ட்டுல அதட்டுற மாரி அதட்டிப்புட்டாரு. திரும்பி ஒக்காந்தவதான். அவரும் கெஞ்சுனாரு, கொஞ்சுனாரு, மன்னிச்சுக்கடின்னாரு. ம்ஹூம். நான் முதுகையே எடுத்துட்டேன். வக்கீல் வூட்டம்மா பாத்துட்டு, அச்சு அசல் எங்க ரோசிதான்னுட்டாங்க.

— அந்த எடத்துல எங்க கல்யாணப் போட்டோ இருந்துச்சு அல்லி. அதக் கழட்டிட்டுத்தான் ரோசியோட முதுக மாட்டியிருக்காரு.

— அந்தப் போட்டோவுல நீயும் என்னப் பாக்காமதான மேரி நின்ன? ரோசியாவது ஒரு காரணத்தோட திரும்புனா.

— எனக்கும் காரணம் இருந்துச்சு. அன்னைக்கு நீங்க போட்டிருந்த கோட்டு எங்க மாமாவோடது. சிரிப்பு வந்துடும்னு அந்தப் பக்கம் பாத்தேன்.

— அது கெடக்கட்டும். கருக்களாச்சேரி தங்கப்பனோட நாயப் பாத்தியா, மேல? கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறது? அவன் எந்த மீன்புடிப் போட்டுல இருக்கான்னு கரையிலேர்ந்தே தெரியும் அதுக்கு. அந்தப் போட்டு வந்து சேர்ற வரைக்கும் நீ கறித்துண்ட ஆட்டுனாலும் திரும்பாது. நான் கடல்ல எறங்கி, முட்டளவு தண்ணியில நின்னு எடுத்தேன்.

— அப்பறம் அலையில விழுந்தத யாரு சொல்லுவா?

— கேமரா நனையல.

— வேட்டி போயிடுச்சு.

— மேரி!

— சிரிப்பு மூட்டாதீங்கக்கா, வெல்லம் மெரளுது. ஏண்ணே, எங்க வூட்டுக்காரரு என்னதான் சொல்லிவுட்டாரு? இன்னொரு தரம் சொல்லுங்க, கேப்போம்.

— அதான் அன்னைக்கே சொன்னேனே. அங்க அவரு கூட இருக்கற காதர் பாட்சா லீவுல ஊருக்கு வந்தாரா, வந்ததும் கடைக்கு வந்தாரு. மருதையன் பாரிசுல ஊரு நெனப்பாவே கெடக்காரு, வூட்டுல வளர்ற நாய ஒரு போட்டோ எடுத்து எங்கிட்டயே குடுத்தனுப்பச் சொன்னாருன்னாரு.

— நாயையா?

— நாயத்தான்.

— அவரு போனப்பறம்ல இது வந்துச்சு. அவரு இத பாத்ததே இல்லியே.

— அதனாலதான பாக்கணும்ங்கறாரு!

— ஓ. ஆமா, நல்லாச் சொன்னீங்க.

— அது சரி புள்ள, நாய் போட்டோவுக்கு வர்றதுக்கு எதுக்குக் கூறப்பட்டு? தலையில வேற மல்லிய கொடம் கொடமா கவுத்திருக்க?

— நிரவியில ஒரு வளகாப்புக்கா. இங்கேர்ந்து அப்புடியே பஸ் ஏறிடுவேன்.

— நாயோடயா?

— வளகாப்புல சோத்துக்குப் பஞ்சமா என்னா? அதுவும் சாப்புடட்டும்.

— ரெண்டு பேரும் செத்த நேரம் பேசாம இருங்க. அல்லி, அந்த பெஞ்சு மேல ஏத்தி வுடு. ஆங், அப்புடித்தான். நீ இந்தப் பக்கம் நவந்துக்க. அட, எறங்கிடுச்சு.

— அது அப்புடித்தாண்ணே. என் கால் மேல அதோட ஒரு கால் இருக்கணும். இல்லாட்டி நிக்காது. வூட்டுல நான் கொல்லைக்குப் போனா, அவரு வுட்டுட்டுப் போன செருப்பு வாசல்ல கெடக்குல்ல, அது மேல போயி தாடைய வச்சுப் படுத்துக்கும். ஆளயே பாத்ததில்ல. அந்த வாசனையில என்னத்தக் கண்டுச்சோ.

— இதத்தான் நான் சொன்னேன், சுபாவம்னு. சரி, அப்ப ஒண்ணு செய்வோம். நீயும் பெஞ்சுல ஒக்காரு. அது உன் மேல கால வச்சுக்கட்டும்.

— நானா? இந்தப் பேச்சே வேணாம். என் நெழலு கூட அதுல விழப்படாது.

— என்னா புள்ள, இன்னுமா அந்த பயம்?

— போட்டோன்னா எனக்கு ஆவாதுன்னு ஊருக்கே தெரியும். எங்க பூவாயி அக்காவ மாப்ள வூட்டுல காட்டறதுக்குன்னு ஒரு போட்டோ எடுத்தாங்க. தலையில கனகாம்பரம், கையில பிளாஸ்டிக் பூங்கொத்து. புடிச்சிருக்குன்னு அவங்க சொல்லியனுப்பறதுக்குள்ள மஞ்சக்காமால வந்து போய்ச் சேந்துட்டா. இப்ப அந்தப் போட்டோவத்தான் மால போட்டு மாட்டியிருக்கு. வெளக்கேத்துறப்பல்லாம் அந்தப் பூவோட என்னப் பாத்துச் சிரிக்கிறா.

— அது காமால செஞ்சது புள்ள. போட்டோ என்னா பண்ணும்?

— எனக்கும் தெரியுதுக்கா. தெரிஞ்சு என்னா? கேமராவக் கண்டா கழுத்து தானா குனிஞ்சுக்குது.

— எங்கிட்டயா சொல்ற? உன் கல்யாணத்துக்கு எடுத்தவன் நான். தாலி கட்டுறப்ப குனிஞ்ச. மால மாத்துறப்ப குனிஞ்ச. பந்தியில எலைக்குள்ளயே போயிட்ட. ஒரு பிலிம் ரோலு பூரா உன் வகிடுதான். நல்ல நேரான வகிடு, அதுல ஒண்ணும் கொற சொல்ல முடியாது.

— போங்கண்ணே.

— போங்கண்ணேவாவது? அதுல ஒண்ணத்தான் மருதையன் பாரிசுல ரூமுல மாட்டி வச்சிருக்காராம். கூட இருக்கறவங்க வந்து, இது உன் சம்சாரமா, இல்ல பூக்கடையான்னு கேக்குறாங்களாம். காதர் பாட்சா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.

— அவரு என்னா சொன்னாராம்?

— யாரு, காதரா?

— எங்க வூட்டுக்காரரு. அவங்க அப்புடிக் கேட்டப்ப.

— அவரா? அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு நின்னாராம். எல்லாரும் போனப்பறம் சொன்னாராம், காதரு, மொதல்ல கண்ண மூடுனா அவ மூஞ்சி வரும்டா, இப்ப மூடுனா இந்த வகிடுதான் வருதுன்னு.

— ஏங்க!

— என்னா மேரி?

— நாய் போட்டோ கேட்டாருன்னு மட்டும்தான எங்கிட்ட சொன்னீங்க? இதெல்லாம் எப்பச் சொன்னாரு காதர் பாட்சா?

— அது... பேச்சுவாக்குல சொன்னாரு. நீ போயி அந்த சீப்ப எடுத்துக்கிட்டு வா.

— நாய்க்கு சீப்பா?

— எடுத்துக்கிட்டு வாயேன்!

— சரிண்ணே. நேரமாவுது. பெஞ்சுல ஒக்காருறேன். ஆனா கைதான். கை மட்டும்தான் விழணும், சொல்லிப்புட்டேன்.

— கை மட்டும்தான். வெல்லத்தோட கழுத்தச் சுத்திப் போட்டுக்க. அவ்வளவுதான். இப்ப அது உன்னப் பாக்குது. அது என்னப் பாக்கணும்னா நீ என்னப் பாக்கணும்.

— எதுக்கு?

— நாயி மொதலாளி எங்க பாக்குறாங்களோ அங்கதான் பாக்கும். செத்த நிமிரு. தோள எறக்கு. அந்த மல்லிப்பூவ முன்னால எடுத்து வுட்டுக்க.

— நாய்க்கு மல்லிப்பூ தெரியணுமாண்ணே?

— அதுக்கு அந்த வாசன வந்தாத்தான் அமைதியா இருக்கும்.

— ஏங்க, ஒண்ணு கேட்டா கோவப்படப்படாது. நாய எடுக்கறவரு லைட்ட எதுக்கு அவ மூஞ்சிக்குத் திருப்புறீங்க?

— மேரி, அடுப்புல ஏதோ தீயிற வாட வருது, போயிப் பாரு.

— நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கல.

— அப்ப போயிப் பத்த வையி! அல்லி, அசையப்படாது. ஒரே ஒரு செகண்டு. வெல்லம், இங்க பாரு, இங்க பாரு, வெல்லக்கட்டி தாரேன்...

— டேய்! ச்சீ, கன்னத்தப் போயி நக்குது பாருங்க...

— எடுத்தாச்சு!

— ஐயையோ. எடுத்துட்டீங்களா?

— எடுத்தாச்சு எடுத்தாச்சு. எறங்கு.

— நான் சிரிச்சுக்கிட்டு நிமிந்துட்டேனேண்ணே. மூஞ்சி விழலியே?

— கைதான் விழுந்திருக்கும்.

— வேளாங்கண்ணி மாதா மேல சத்தியமா?

— இரு, லைட்ட அணைச்சுட்டு வாரேன்.

— என்னாண்ணே, சத்தியம் பண்ணுங்க.

— அல்லி, நாயி பசிக்குதுங்குது பாரு.

— நாயி கம்முனு இருக்கு. நீங்க சத்தியம் பண்ணுங்க.

— மேரி, நீயாவது சொல்லேன்.

— நான் எதுக்குச் சொல்லணும்? மாதா மேல பொய்ச் சத்தியம் பண்ணிட்டு ஞாயித்துக்கெழம பூசைக்கு எந்த மூஞ்சியோட வருவீங்கன்னு பாக்கத்தான் நிக்கிறேன்.

— சரி. முடியல. எனக்கு இதெல்லாம் வராது. தங்கச்சி, உன் மூஞ்சி பூரா விழுந்திருக்கு. நாயக் கேக்கல மருதையன். உன்னத்தான் கேட்டாரு. ஒரே ஒரு படம், அவ நிமிந்து இருக்கற மாரின்னாரு. நேராக் கேட்டா ஒத்துக்க மாட்டா, நீங்கதான் நாய்ங்கள நல்லா எடுக்குறீங்களே, அப்புடி எதையாச்சும் சொல்லி ஒக்கார வைங்கன்னு காதர் பாட்சா யோசன குடுத்தாரு. நானும் சரின்னுட்டேன். பூவாயி சமாச்சாரம் எனக்கு இவ்வளவு தெரியாது. தப்புதான்.

— நெனச்சேன்! லைட்டத் திருப்புனப்பவே நெனச்சேன். பயந்த புள்ளைய ஏமாத்தி ஒக்கார வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?

— இருக்கு. அதான் இந்தா, உன் கண்ணு முன்னாடியே கேமராவத் தொறக்குறேன். வெளிச்சம் பட்டா ரோலு அம்புட்டும் கறுத்துப் போயிடும். ரோசிய மறுபடி எடுத்ததும் இதுலதான் இருக்கு, போவட்டும். காதர் பாட்சாகிட்ட படம் சரியா வரலன்னு சொல்லிக்கிறேன்.

— கைய எடுங்கண்ணே.

— இல்ல அல்லி, நீ பயந்துக்கிட்டு வூட்டுல தூங்காம...

— கைய எடுங்கங்கறேன்! தொறந்தீங்க, வெல்லத்த வுட்டுக் கடிக்கச் சொல்லுவேன்.

— என்னா புள்ள இது?

— பயமாத்தான்கா இருக்கு. ஆனா அவருக்கு என் மூஞ்சி மறந்துபோச்சுன்னா? நான் ஆயுசோட இருந்து என்னா செய்ய, அங்க ஒருத்தரு கண்ண மூடுனா வெறும் வகிடு வருதுன்னு கெடக்கறப்ப? என்னால தானா நிமிந்து ஒக்கார முடியாது. யாராச்சும் ஏமாத்தித்தான் நிமித்தணும். அண்ணன் நல்லாத்தான் ஏமாத்துனாரு. சத்தியம் கேட்டதும் முழிச்ச முழிதான், வெல்லம் திருடிட்டு முழிக்குமே, அதே முழி.

— அப்ப... அனுப்பலாமா?

— அனுப்புங்க.

— மாதாவே, ஸ்தோத்திரம்! ஏ புள்ள, அழாத, பொட்டு கலையுது. நிரவிக்கு வேற போவணும்.

— சரி தங்கச்சி. மருதையன் கேட்டது உன்ன மட்டும்தான். பிரிண்டு போடுறப்ப நாய ஓரத்தோட வெட்டிட்டு, உன்னத் தனியா பெருசா போட்டுக் குடுக்குறேன்.

— நாயும் இருக்கட்டும்ணே. பாத்துப் பாத்து அவரு இப்பலேர்ந்தே பழகிக்கட்டும். தெருவுல நாயக் கண்டா எதிர்ச்சாரிக்கு ஓடுற மனுசன் நாய் போட்டோ கேட்டாருன்னு நீங்க வந்து சொன்ன அன்னைக்கே நான் பொட்டியத் தொறந்து கூறப்பட்ட வெயில்ல போட்டுட்டேன்.