ஒரே தூசி

வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர்கள் முதலில் சத்தத்தைக் கேட்டு மயங்கக் கூடாது, மேடம். சத்தம் போடுகிற மெஷின் எல்லாம் உறிஞ்சும் என்று நினைப்பது, சத்தம் போடுகிற மேலதிகாரி எல்லாம் வேலை பார்க்கிறார் என்று நினைப்பது மாதிரி. உங்களைச் சொல்லவில்லை. நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் வந்ததிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தைகூட உரக்கப் பேசவில்லை. எழுதிக்கொள்கிற தம்பி மட்டும் பேனாவைக் கொஞ்சம் அதிகமாக அழுத்துகிறார்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. என் மச்சான் புகாரில் என்ன சொன்னார் என்று தெரியாது. என் மனைவியின் தம்பி அவர். கோபம் வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மேசையைத் தட்டுவார், மீதியை நாம்தான் யூகித்துக்கொள்ள வேண்டும். என் மனைவி இப்போது அவர் வீட்டில் இருக்கிறாள். திரும்பி வருவாளா மாட்டாளா என்பது உங்கள் மேசைமேல் இருக்கிற அந்தப் பிஸ்கட் டப்பாவைப் பொறுத்தது என்கிறார்கள். அதை மட்டும் தயவுசெய்து திறக்க வேண்டாம். மூடியே இருக்கட்டும்.

நான் குடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அறையின் கூரையில் ஒரு குழாய், குழாய் நிறையத் துளைகள். திறந்தால் மழை. வெளியே ஊரே காய்ந்து கருவாடாகக் கிடந்தாலும் என் அறையில் ஒரு நாளும் மழை பொய்த்ததில்லை. ஒரு குடையைத் தூறலிலும் இன்னொரு குடையைப் பெருமழையிலும் சோதித்தால் அது குடைகளுக்குச் செய்கிற அநியாயம். எல்லாக் குடைக்கும் ஒரே மழை. இது எங்கள் தொழிலின் முதல் விதி.

இரண்டாவது விதி, குடைக்குக் கீழே ஒரு ஆள் உட்கார வேண்டும். வெள்ளைச் சட்டை போட்ட ஆள். குடை நல்லதா என்பது குடையைப் பார்த்தால் தெரியாது, சட்டையைப் பார்த்தால்தான் தெரியும். அப்படி உட்கார எங்களிடம் ஒருவர் இருந்தார். நனைஞ்சான் என்று கூப்பிடுவோம். அருமையான மனிதர். வருடம் முழுக்கச் சளி. என்னோடு அத்தனை காலம் வேலை பார்த்தவர், போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். ஏதோ அவசரமாக இருந்திருக்கும்.

என் மனைவிக்குத் தூசி ஆகாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், குரல் தேன். ஆனால் தும்மினாள் என்றால் அடுத்த தெருவில் சைக்கிளில் போகிறவன் இறங்கி டயரைப் பார்ப்பான். டாக்டரிடம் கூட்டிப் போனேன். வீட்டில் இருக்கிற கம்பளத்தைத் தூக்கிப் போடச் சொன்னார். அது எனக்குத் தொழிற்சாலையில் பிரிவு உபசாரத்தின்போது கொடுத்த கம்பளம். அதைத் தூக்கிப் போடுவதற்கு நான் என்ன நன்றி கெட்டவனா? அப்படியானால் நல்ல வேக்குவம் கிளீனர் ஒன்று வாங்குங்கள் என்றார்.

"பாருங்க, ஆராய்ச்சி அது இதுன்னு ஆரம்பிக்காம, நம்ம கைக்கு அடக்கமா ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க" என்றாள் அவள், வீட்டுக்கு வருகிற வழியிலேயே.

"வாங்குறது சுலபம். தேர்ந்தெடுக்கிறதுதான் கஷ்டம்."

"என்னைத் தேர்ந்தெடுக்க ஒரு டீ ஆறுற நேரம்கூட நீங்க எடுத்துக்கல."

"அப்ப எனக்கு அனுபவம் கிடையாது" என்றேன். நான் எதார்த்தமாகத்தான் சொன்னேன். அன்று என் டீயை நானே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

மேடம், வசதியானவன் தப்பான மெஷினை வாங்கினால் பரணில் போட்டுவிட்டு வேறு வாங்குவான். பென்ஷனில் வாங்குகிறவன் அதோடு குடும்பம் நடத்தியாக வேண்டும். பை வைத்த மெஷின் என்றால் ஆயுசு முழுக்கப் பை வாங்க வேண்டும். பை இல்லாதது என்றால் டப்பாவைக் கொட்டும்போது உறிஞ்சியதெல்லாம் நம் முகத்துக்கே திரும்பி வரும். வயர் நீளம் பார்க்க வேண்டும், குழாய் முனை சோபாவுக்கு அடியில் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் கடையில் நின்று பார்க்க முடியாது. ஆகவே, வீட்டுக்கே வந்து இலவசமாகச் செய்துகாட்டுகிறோம் என்று விளம்பரம் செய்த எல்லாக் கம்பெனிகளையும் கூப்பிட்டேன்.

முதலில் வந்தவர் வழுக்கைத் தலைக்காரர். பையிலிருந்து ஒரு பொடியை எடுத்து எங்கள் கம்பளத்தில் கோடு மாதிரித் தூவினார். உடனே நிறுத்தச் சொன்னேன். அவருடைய தூசி அவருடைய மெஷின் பேச்சைக் கேட்கும், அது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுத் தூசியை எடுத்துக்காட்டுங்கள் என்றேன். மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டு, கட்டிலுக்கு அடி, அலமாரிக்கு மேல், திரைச்சீலை மடிப்பு என்று வீட்டையே குடைந்துவிட்டார். கம்பளத்தில் ஒரு மயில் இருக்கிறது என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். அடுத்து வரப்போகிற மெஷினுக்கு உறிஞ்ச என்ன இருக்கிறது? துடைத்துவிட்ட வீட்டில் அது எதைக் காட்டும்? அந்த மெஷின் என்ன பாவம் செய்தது?

"மெஷினை எடுத்துட்டுப் போங்க" என்றேன் வழுக்கைக்காரரிடம். "பையை மட்டும் வச்சிட்டுப் போங்க."

"குப்பையை நானே கீழ கொட்டிர்றேன் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"குப்பைன்னு சொல்லாதீங்க. அது சாம்பிள்."

அந்தத் தூசியை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து, மாவு சலிக்கிற சல்லடையால் மறுபடி வீடு முழுக்கச் சீராகத் தூவினேன். எங்கே எவ்வளவு இருந்ததோ அங்கே அவ்வளவு. கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் தாராளமாக. ஒவ்வொரு கம்பெனி வந்து போன பிறகும் இப்படித்தான். மெஷினின் மூலைமுடுக்கில் ஒட்டிக்கொண்டு போய்விடுகிற தூசியை ஈடுகட்ட வேண்டியிருந்தது, அதைப் பழைய தலையணையிலிருந்தும் மாடி வீட்டுப் பூனையிடமிருந்தும் எடுத்துக்கொண்டேன். பூனை இளைத்துவிட்டதாக மாடிவீட்டு அம்மா ஊர் முழுக்கச் சொல்கிறார். அது இளைக்கவில்லை, மேடம். முடிதான் குறைந்திருக்கிறது.

எல்லா மெஷினுக்கும் ஒரே தூசி. முதல் விதி முடிந்தது. இரண்டாவது விதிக்கு ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலேயே இருந்தாள்.

மெஷின் வேலையை முடித்ததும் நான் சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவேன். "இங்க வந்து சோபால கொஞ்சம் உக்காரேன். காத்து நல்லா வருது." வந்து உட்காருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற மாதிரிக் காத்திருப்பேன். நல்ல மெஷின் என்றால் பூனைத் தும்மல், மூக்கோடு முடிந்துவிடும். சுமாரான மெஷின் என்றால் பாத்திரத் தும்மல், அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மோசம் என்றால் இடித் தும்மல். மேலே பூனை எழுந்து கட்டிலுக்கு அடியில் போகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். இப்படி ஒரு துல்லியமான கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடையாது. அவளை நினைத்து நான் பெருமைப்படாத நாளில்லை.

சில நாள் தும்மி ஓய்ந்தபின், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். "ஏங்க, இத்தனை பேர் வந்து இவ்வளவு சுத்தம் பண்றாங்க, எனக்கு மட்டும் ஏங்க இது குறையவே மாட்டேங்குது?"

"அதைத்தான் நானும் கண்டுபிடிச்சிட்டிருக்கேன்" என்பேன். அதில் பொய் ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு அவள் எனக்குத் தெரியாமல் டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கி வந்துவிட்டாள். தும்மல் நின்றுபோனது. நல்ல மெஷினுக்கும் தும்மவில்லை, தரையில் ஊளையிட மட்டுமே தெரிந்த மெஷினுக்கும் தும்மவில்லை. நனைஞ்சான் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு குடைக்குக் கீழே உட்கார்ந்தால் நான் குடையைப் பற்றி என்ன எழுதுவது? அளக்கிற கருவிக்கு மருந்து கொடுக்கக் கூடாது. ஆகவே மாத்திரைகளை எடுத்துவிட்டு, பார்க்க அதே மாதிரி இருக்கிற புதினா மிட்டாய்களை அந்தப் புட்டியில் போட்டு வைத்தேன்.

அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. "இந்த டாக்டர் கைராசிக்காரருங்க. மாத்திரை வாய்க்கு எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தும்முவாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கம்பெனியிலிருந்து முன்பே வந்துபோன ஒரு பெண், விலை குறைந்த புது மாடலோடு இரண்டாம் முறை வந்தாள். இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உறிஞ்சி முடித்ததும் பையை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, உங்கள் வீட்டு லட்சணத்தைப் பாருங்கள் என்று வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். நான் எப்போதும் அதற்கு முன்பே பையை வாங்கிக்கொண்டுவிடுவேன். அன்று வேறொரு கம்பெனிக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது துணி விரிந்துவிட்டது.

"அம்மா, இது உங்க தோட்டோட திருகாணிதானே? போன தடவை வந்தப்பவே குழாய் முனையில மாட்டியிருந்ததை நான் எடுத்து உங்க கையில குடுத்தேனே. இதே திருகாணி. இதே பச்சை நூல்லதான் சிக்கியிருந்துச்சு."

என் மனைவி ஒரு காதில் மட்டும் தோடு போட்டுக்கொண்டு நின்றாள். அந்தத் திருகாணியைக் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்து, காணாமல் போக்கி, வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தவள்.

"என்னங்க."

"ம்."

"இது எப்படிங்க மறுபடியும் கம்பளத்துக்குள்ள போச்சு?"

உருண்டு போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் என் வாழ்நாளில் பொய் அறிக்கை கொடுத்தவன் இல்லை. "நான்தான் போட்டேன்" என்றேன். "அது சாம்பிளோட ஒரு பகுதி. அதை எடுத்துட்டா சாம்பிள் மாறிப்போயிரும்."

கம்பெனிப் பெண் மெதுவாகக் கம்பளத்தைவிட்டு இறங்கி நின்றாள்.

"அப்ப இந்தத் தூசி?" என்றாள் என் மனைவி.

"முதல் நாள்ல இருந்து அதே தூசிதான்." என் குரலில் கொஞ்சம் பெருமை தெரிந்திருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அவள் தும்மினாள். பாத்திர வகை. தும்மி முடித்து நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "மாத்திரை?"

"புதினா மிட்டாய்."

அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள். நான் தொழிற்சாலை விதிகளை முதலிலிருந்து பொறுமையாக விளக்கினேன். கம்பெனிப் பெண் குறுக்கே வந்து, "சார், கொஞ்சம் வழி விடுங்க. அம்மா, பெட்டியை நான் தூக்கிக்கிறேன்" என்றாள். மெஷினை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு அவளும் கூடவே படியிறங்கிப் போய்விட்டாள். விற்பனைத் துறையில் இப்படிப் பொறுப்பில்லாதவர்கள் இருந்தால் எப்படி?

தம்பி வீட்டுக்குப் போனதிலிருந்து அவள் ஒரு தடவைகூடத் தும்மவில்லையாம். மச்சான் இதை ஏதோ பதக்கம் வாங்கிய மாதிரி வந்து சொன்னார். "மாமா, அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. அந்த டப்பாவைக் கீழ கொட்டிருங்க. ஏதோ ஒரு மெஷினை வாங்கிட்டு வந்து வாசல்ல நில்லுங்க. அக்கா அப்பவே கிளம்பி வந்துருவாங்க." நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் மேசையைத் தட்டிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

ஏதோ ஒரு மெஷின் என்கிறார், மேடம். அந்தத் தூசியைக் கொட்டிவிட்டால் இத்தனை நாள் அவள் தும்மியதெல்லாம் என்ன ஆகும்? அவள் பட்ட பாட்டை அவள் தம்பி மதிக்காமல் இருக்கலாம். நான் மதிக்கிறேன்.

இத்தனை மெஷினில் எது நல்லது என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. வழுக்கைக்காரர் கொண்டுவந்தது. ஆமாம், முதலாவது. விலையும் நம்மால் முடிகிற விலை. அன்று அவள் சோபாவில் உட்கார்ந்து மயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள், பூனைத் தும்மல்கூட வரவில்லை. எனக்கு அன்றே தெரியும். ஆனால் ஒரு குடை நல்லது என்று தெரிந்தால் மட்டும் போதுமா? மற்றவை மோசம் என்று தெரிய வேண்டாமா? அன்றே வாங்கியிருந்தால் மறுநாள் காலையில் யார் வந்து கதவைத் தட்டி, "சார், உங்க அபிப்பிராயம் என்ன சார்?" என்று கேட்டிருப்பார்கள்? அதற்காக இல்லை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

ஆகவே தூவியது நான். உட்கார வைத்தது நான். மாத்திரையை மாற்றியது நான். எல்லாம் அவள் தும்மக் கூடாது என்பதற்காக. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

அதைத் திறக்க வேண்டாம் என்று சொன்னேனே, மேடம். சரி, திறந்துவிட்டீர்கள். பரவாயில்லை, தும்முங்கள். அடக்காதீர்கள்.

சுவரில் அந்தப் படம் சாய்ந்ததைக் கவனித்தீர்களா? பாத்திரத்துக்கு மேல், இடிக்குக் கொஞ்சம் கீழ். பழக்கப்படாத மூக்கு, அதுதான் இவ்வளவு சுத்தமாக வருகிறது. மாத்திரை ஏதும் சாப்பிடுகிற வழக்கம் இல்லையே? நல்லது. இன்னும் சில கம்பெனிகள் பாக்கி இருக்கின்றன, மேடம். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓய்வுதானே? பெரிய வேலை ஒன்றுமில்லை, சோபாவில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். காற்று நன்றாக வரும். வாய்க்குப் போட்டுக்கொள்ளப் புதினா மிட்டாயும் இருக்கிறது.